புஞ்சையை விற்க வேண்டாம்

கோவில்பட்டி

அன்புள்ள செல்வா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசப் பேச எனக்குப் பதில் வரவில்லை. வைத்த பிறகுதான் எல்லாம் வந்தது. அதனால் எழுதுகிறேன். என் கண்ணுக்கு ஊசி போடுவதற்காகப் புஞ்சையை விற்காதே. அந்த ஸ்டெம் செல் ஊசிக்காரர்கள் உனக்கு அனுப்பிய வீடியோவை நானும் மூன்று தடவை பார்த்தேன். எந்த மரபணு பழுது என்று ஒரு வார்த்தை கேட்காமலே 'பார்வை திரும்பும்' என்கிறார்கள். அங்கேயே எனக்கு விட்டுப்போயிற்று.

என் நோய் ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா, கண்ணின் விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிற நோய். இதில் எனக்கு எது போயிற்று, எது இருக்கிறது என்று நீ சரியாகத் தெரிந்துகொள். நேற்றுகூட ஊசியில் நூல் கோர்த்து உன் அப்பா சட்டைக்குப் பட்டன் தைத்தேன். தைத்து முடித்துக் கையை நகர்த்தினேன், பக்கத்தில் இருந்த காபி டம்ளர் உருண்டது. நடுவில் காசளவு இடம் பளிச்சென்று தெரிகிறது, சுற்றிலும் ஒன்றும் கிடையாது.

விழித்திரையில் குச்சி செல்கள் சுமார் 12 கோடி, கூம்பு செல்கள் 60 லட்சம். வருஷா வருஷம் கரும்பலகையில் இந்தப் படத்தை வரைந்தவள் நான். மங்கல் வெளிச்சத்துக்குக் குச்சி. நிறம், எழுத்து, முகம் இதற்கெல்லாம் கூம்பு. எனக்குப் பழுதான பி.டி.இ.6.பி மரபணு குச்சி செல்லுக்குத்தான் வேண்டியது. அதனால்தான் பாவாடை கட்டுகிற வயதிலேயே மாலைக்கண். உன் ஆச்சி தன் தாய்மாமனையே கட்டியவள். இரண்டு பேரிடமும் ஒளிந்திருந்த ஒரே பழுது என்னிடம் வந்து ஜோடி சேர்ந்தது. உன் அப்பா அசல், சொந்தமில்லை. உனக்குப் பழுதான பிரதி ஒன்றுதான் என்று டெஸ்டிலும் வந்துவிட்டது, உன் கண்ணுக்குப் பயமில்லை. பெண் பார்க்கும்போது மட்டும் என் பக்கத்துச் சொந்தம் வேண்டாம், அத்தை என்ன சொன்னாலும் சரி.

கூம்பில் பழுதே இல்லையே, அப்புறம் அது ஏன் சாகிறது? என்னை வருஷக்கணக்காகக் குடைந்த கேள்வி இது. இதே மரபணு பழுதான சுண்டெலி ஒன்றை ஆய்வுக்கூடங்களில் வளர்க்கிறார்கள். அதற்கும் குச்சியெல்லாம் செத்த பிறகு கூம்பு ஒவ்வொன்றாகப் போகும். பாரிஸில் ஜோசே அலன் சஹேல், தியரி லெவெயார் இருவரின் குழு இதைப் பிடித்துக்கொண்டது. நல்ல விழித்திரைத் துண்டைப் பக்கத்தில் வைத்தாலே, தொடாமலே, எலியின் கூம்புகள் அதிகமாகப் பிழைத்தன. அப்படியென்றால் குச்சி எதையோ கசியவிடுகிறது. கோழிக் கருவிலிருந்து எடுத்த கூம்புகளை வைத்துச் சலித்துச் சலித்து, 2004இல் அந்தப் புரதத்தையும் அதைச் செய்கிற என்.எக்ஸ்.என்.எல்.1 மரபணுவையும் சொன்னார்கள். அது என்ன வேலை செய்கிறது என்பது தெரிய 2015 ஆயிற்று.

நம் ரேஷன் கடை மாதிரிதான். கடை நிறைய அரிசி இருக்கும்; கைரேகை வைக்கிற ஆள் போய்விட்டால் வீட்டில் உலை வைக்க முடியாது. கூம்பைச் சுற்றிக் குளுக்கோஸ் இருக்கிறது. குச்சி அனுப்புகிற புரதம் வந்து தொட்டால்தான் கூம்பின் குளுக்கோஸ் வாசல் நன்றாகத் திறக்கும். குச்சி செத்தால் கைரேகையும் போச்சு. என் கூம்புகள் நோயில் சாகவில்லையடா, பட்டினியில் சாகின்றன. அதே மரபணு இன்னொரு நீளப் புரதமும் செய்கிறது. அது கூம்புக்குள்ளேயே இருந்து ஆக்ஸிஜன் அரிப்பிலிருந்து காக்கிறது.

இந்த மரபணுவைத் தீங்கில்லாத வைரஸில் ஏற்றிக் கண்ணுக்குள் வைக்கும் சோதனை மனிதர்களிடம் முதற்கட்டத்துக்கு வந்திருக்கிறது. 2017இல் அமெரிக்காவில் அனுமதித்த மரபணு ஊசி ஆர்.பி.இ.65 என்ற வேறொரு மரபணு பழுதானவர்களுக்கு மட்டும், எனக்கு ஆகாது. இந்த நோய்க்கு 80க்கு மேல் மரபணுக்கள் காரணம், ஒவ்வொன்றுக்கும் தனி ஊசி என்றால் எங்கே போவது? பாரிஸ்காரர்களின் வழி எந்த மரபணு பழுது என்பதை நம்பி இல்லை, மிச்சமிருக்கிற கூம்புக்குச் சோறு போடப் பார்க்கிறார்கள். ஊசிக்காரர்களும் எது பழுது என்று பார்க்கவில்லைதான். ஆனால் பாரிஸ்காரர்கள் போனதைத் திருப்பித் தருவதாகச் சொல்லவில்லை. செத்த குச்சி எழுந்து வராது. இருட்டில் பஸ் போர்டை நான் இனிப் படிக்கப்போவதில்லை. காசளவு இடம் காசளவாகவே நின்றால் எனக்கு அது பெரிய விஷயம்.

மருந்து கடைக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம். புஞ்சையில் இந்த வருஷம் மிளகாய் போட்டிருக்கிறது, நன்றாக வந்திருக்கிறது என்று அப்பா சொல்கிறார்.

தீபாவளிக்கு வரும்போது ஆரஞ்சு நிறத்தில் நாலு டம்ளர் வாங்கி வா. சில்வர் டம்ளர் இந்த மொசைக் தரையில் எனக்கு அகப்படுவதே இல்லை. ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்காதே. பகலில் வா, வாசலிலேயே உன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அம்மா