மேட்டூர் திறக்காவிட்டால் சுகர் மாத்திரையும் நின்றுபோகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2023-இல் டெல்டா பாசனத்துக்காக மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-ஆம் தேதி திறந்தும் அக்டோபர் 10-இல் மூட வேண்டியதாயிற்று. 2024-இல் ஜூலை 28-ஆம் தேதிதான் தண்ணீர் விட்டார்கள். 2023-இல் கருகிய குறுவைக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். சிட்டா, அடங்கல் என்ற நில, சாகுபடிப் பதிவேடுகளில் பெயர் உள்ளவருக்கு அது சேரும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற, சொந்த நிலமில்லாத பெண்ணுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. ஆனால் குழுக்கடனின் வாரத் தவணையை அவரும் கட்டியாக வேண்டும். கையில் காசு இல்லாதபோது வீட்டில் முதலில் குறைவது சர்க்கரை நோய் மாத்திரைதான்.

காலை மாத்திரையை விட்டுவிட்டு இரவு மட்டும் போடுவார்கள், அல்லது பாதியாக உடைப்பார்கள். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையில், மெல்லக் கரையும் எஸ்.ஆர். வகையை உடைக்கவே கூடாது. மெல்ல மெல்ல இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிக் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரும். ‘ஒத்துக்கல’ என்று அடியோடு நிறுத்திவிடுவார்கள்.

சர்க்கரை நெடுநாள் கூடியே இருந்தால் கால் மரத்துப்போகும். தாமதமாகத் தண்ணீர் வந்து நடவு தொடங்கும்போது, விட்ட கூலியைப் பிடிக்க நாள் முழுக்கச் சேற்றில் நிற்பார்கள். விரலிடுக்கில் சேற்றுப்புண், குதிகாலில் பித்தவெடிப்பு. முள் குத்தினாலும் நத்தை ஓடு கிழித்தாலும் வலி தெரியாது. வலித்திருந்தால் அன்றைக்கே நர்ஸம்மாவிடம் காட்டியிருப்பார்கள். புண் எலும்பைத் தொட்ட பிறகுதான் தஞ்சாவூருக்கு வண்டி ஏறுகிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, விரலை எடுக்கும் ஆபரேஷனுக்கு அது உதவும். மெடிக்கலில் வாங்கும் அன்றாட மாத்திரைக்கும், பிறகு மாதக்கணக்கில் போகும் கூலிக்கும் உதவாது.

அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்தானே என்று கேட்கலாம். கஷ்ட காலத்தில் அதுவரை மெடிக்கலில் வாங்கியவர்களும் அங்கேதான் வருவார்கள். கடன் நெருக்கடியில் சிக்கிய கிரேக்கத்தில் 2010-இல் அரசு மருத்துவமனைகளில் உள்நோயாளிகள் முந்தைய ஆண்டைவிட 24 சதவீதம் கூடினார்கள். கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைக்காகச் சுகாதாரச் செலவை வெட்டியதும் அதே காலத்தில்தான். கொசு ஒழிப்புக்கும் பணம் குறைந்திருந்த 2011-இல் லக்கோனியா பகுதியில் மலேரியா உள்ளூரிலேயே பரவியது. கோடியக்கரைக்கு அக்கரையில், 2022-இல் இலங்கையில் மருந்து இறக்குமதிக்கு டாலர் இல்லாமல் ஆபரேஷன்களைத் தள்ளிப்போட்டார்கள். இங்கிருந்து அரிசியோடு மருந்தும் கப்பலேறியது.

நம் ஆரம்ப சுகாதார நிலையங்கள், அரசின் மருந்துக் கழகக் கிடங்கிலிருந்து, தங்கள் பாஸ்புக்கில் அரசு ஒதுக்கிய தொகைக்குத்தான் மருந்து எடுக்கின்றன. கூட்டம் கூடியும் தொகை கூடாவிட்டால் 30 நாள் மாத்திரையை 15 நாளாகக் கொடுக்க நேரும். அதை வாங்க இரண்டு தடவை வர வேண்டும். டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம் என்றாலும் ஒவ்வொரு தடவையும் அரை நாள் கூலி போய்விடும்.

ஆகவே, ஜூன் 12-இல் அணை திறக்காது என்று தெரிந்த வாரமே டெல்டா மாவட்டங்களுக்கு அந்த மருந்துத் தொகையை உயர்த்த வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு 60 நாள் மாத்திரையை ஒரே தடவையில் கொடுக்கலாம். தினம் இரண்டு மெட்ஃபார்மின் என்றால் 120 மாத்திரை. வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர்கள் ஒவ்வொருவரிடமும் கால் உணர்ச்சி பார்க்கும் 10 கிராம் நைலான் இழை இருக்க வேண்டும். கண்ணை மூடச் சொல்லி, பெருவிரலிலும் முன்பாதத்திலும் இழை வளையும் அளவுக்கு அழுத்தினால், மரத்த கால் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். புண்ணிலும் காய்ப்பிலும் வைக்கக் கூடாது. இழை பட்டது தெரியாதவர்களின் பெயரை நடவுக்கு முன்பே எழுதிவைத்து, கரையேறியதும் நல்ல தண்ணீரில் கால் கழுவி விரலிடுக்கை உலரத் துடைக்கவும், தேங்காய் எண்ணெயைக் குதிகாலில் மட்டும் தடவவும் சொல்லித்தர வேண்டும். சிக்கனம் என்று கிராம சுகாதாரச் செவிலியர் இடத்தைக் காலியாக விட்டால் இதைச் செய்ய ஆள் இருக்காது.

நிவாரணப் பட்டியலையும் அடங்கலோடு முடிக்காமல், நூறு நாள் வேலை அட்டையைக் கொண்டு நிலமில்லாத கூலிக் குடும்பங்களையும் அதில் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
பொது சுகாதாரத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற சிலர்,
மன்னார்குடி