தொட்டிக்கு எத்தனை மாதம் ஆச்சு என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்

சேலத்தில் கடல் மீனும் பவளமும் விற்கும் கடைக்காரர்களுக்கு,

வணக்கம். அஸ்தம்பட்டிப் பக்கம் வீட்டில் ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவன் நான். உங்களில் பலருக்கு வாடிக்கையாளன். ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் இந்த மடல். முதல் முறையாகப் பவளமோ, அனிமோன் என்று நாம் சொல்லும், பூப்போல் இருக்கும் கடல் பிராணியான கடல் சாமந்தியோ வாங்க வருகிறவரிடம், காசு வாங்கும் முன்னால் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றி எத்தனை மாதம் ஆகிறது என்று கேளுங்கள். ஆறு மாதம் ஆகவில்லை என்றால் அனிமோனைக் கொடுக்காதீர்கள்.

இதை உங்களிடம் கேட்கக் காரணம் இருக்கிறது. தூத்துக்குடியிலோ ராமேஸ்வரத்திலோ இருப்பவருக்குக் கடல் உயிர்களைப் பற்றிச் சொல்லத் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். நம் ஊரில் கடல் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கவே பஸ் ஏற வேண்டும். இங்கே முதல் தொட்டி வைக்கிறவருக்கு வாத்தியார் நீங்கள்தான். "விடுங்க தம்பி, ஒண்ணும் ஆகாது" என்று நீங்கள் சொன்னால் அவர் அன்று மாலையே விட்டுவிடுவார்.

புதுத் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெருகவே நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குப் பிறகு கடலில் அனிமோனோடு வாழும் க்ளவுன் மீன் ஒரு ஜோடி சமாளித்துக்கொள்ளும். அனிமோன் சமாளிக்காது. உப்பின் அளவு, காரத்தன்மை, சூடு மூன்றும் வாரக்கணக்கில் அசையாமல் நிற்க வேண்டும். இடம் பிடிக்காவிட்டால் அது பாதத்தைக் கழற்றிக்கொண்டு ஊர ஆரம்பிக்கும். ராத்திரி விளக்கு அணைந்த பிறகு தண்ணீரை அலைபோல் ஓட்டும் வேவ்மேக்கர் பம்பின் வாயில் போய்ச் சிக்கும். காலையில் பார்த்தால் தண்ணீர் பால்போல் வெளுத்திருக்கும், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஓர் அனிமோன் அழுகினால் சின்னத் தொட்டி மொத்தமும் ஒரே இரவில் போய்விடும். அனிமோன் விற்கும்போது பம்புக்கு ஒரு ஸ்பாஞ்ச் உறையையும் சேர்த்துக் கொடுங்கள். க்ளவுன் மீன் வாழ அனிமோன் கட்டாயம் இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் அந்த நினைப்பில்தான் அனிமோன் கேட்கிறார்கள்.

நம் ஊர்க் கடை ஒன்றில் எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் அனிமோன் விற்பனைக்கு இருந்ததைப் பார்த்தேன். எந்தக் கடை என்று எழுதப் போவதில்லை. அது பெரும்பாலும் சாயம் ஏற்றியது. உடம்புக்குள் இருந்து உணவு தயாரித்துக் கொடுக்கும் பாசியை இழந்து வெளுத்துப்போன உயிருக்கு வண்ணம் பூசி அனுப்புகிறார்கள். வாங்குகிறவர் அழகு என்று கொண்டுபோவார். சில வாரம் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் அது கரைந்துவிடும். தயவுசெய்து அந்தச் சரக்கை இறக்காதீர்கள். நல்ல அனிமோனில் பழுப்போ பச்சையோ கலந்திருக்கும், வாய் இறுக மூடியிருக்கும், கைகள் விரலில் ஒட்டும், பாதத்தில் கிழிசல் இருக்காது. கண்ணாடியில் பிடித்திருப்பதை நகத்தால் பிய்க்கும் பழக்கத்தையும் விடுங்கள். வெளிப்பக்கம் ஒரு ஐஸ் கட்டியை வைத்துப் பிடித்தால் பெரும்பாலும் தானே விட்டுவிடும். பாதம் கிழிந்தால் அது தேறுவது கஷ்டம்.

சரி, ஆறு மாதம் வரை அவர் எதைத்தான் வாங்குவார்? இரண்டு மூன்று மாதம் ஓடிய தொட்டிக்கு மஷ்ரூம், சோவாந்திட், லெதர் போன்ற, கல் கூடு கட்டாத மென்பவளங்கள் போதும். அதுவும் தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டாக இருந்தால் நல்லது. அவற்றோடு இரண்டு விஷயம் சொல்லி அனுப்புங்கள். லெதர் பவளம் அவ்வப்போது நாள்கணக்கில் மூடிக்கொண்டு, மேலே மெழுகு பூசினதுபோல் ஆகி, பிறகு தோலை உரித்துவிட்டு விரியும். அது தெரியாமல் செத்துவிட்டது என்று தூக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சோவாந்திட் விஷயம் இதைவிட முக்கியம். அந்த வகையில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் உண்டு. கையுறையும் கண்ணாடியும் போடாமல் வெட்டக் கூடாது. அது ஒட்டியிருக்கும் கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் கொதிக்க வைக்கவே கூடாது. அந்த ஆவியை மூச்சில் இழுத்த குடும்பங்கள் மொத்தமாக ஆஸ்பத்திரிக்குப் போன கதைகள் வெளிநாடுகளில் உண்டு. குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போகிற பாக்கெட் என்று நினைத்துச் சொல்லுங்கள்.

அப்புறம் தண்ணீர். நம் ஊர் போர் தண்ணீரின் கடினம் எல்லோருக்கும் தெரியும். வீட்டில்தான் ஆர்ஓ இருக்கிறதே என்று அதையே ஊற்றுகிறார்கள். ஆனால் பல சமையலறை ஆர்ஓ மெஷின்களில் குடிக்க ருசிக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைத் திரும்பக் கலக்கும் டிடிஎஸ் கண்ட்ரோலர் இருக்கிறது (டிடிஎஸ் என்றால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு). குடிக்க அது சரி. தொட்டிக்குப் பாசியைத்தான் கொண்டுவரும். மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் வழியாகப் போய் டிடிஎஸ் பூஜ்ஜியம் காட்டும் தண்ணீரை நீங்களே கேனில் விற்கலாம். நான் வாங்குவேன். கல் உப்பு போட்டால் ஆகாதா என்று கேட்பவர்களும் வருவார்கள். ஆகாது. அதில் இருப்பது ஏறக்குறைய எல்லாமே சோடியம் குளோரைடு. பவளத்துக்கு லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் கால்சியமும், சுமார் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் வேண்டும். பவளத் தொட்டிக்கென்றே விற்கும் ரீஃப் சால்ட் கலந்து, லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கணக்கில், உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்துக்கொண்டால் போதும்.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பவளத் தொட்டி 25, 26 டிகிரியில் இருக்க வேண்டியது. கத்திரி வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறையில் தண்ணீர் 31, 32 என்று ஏறும்போது பவளம் பாசியைத் துப்பிவிட்டு வெளுத்துவிடும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷின் வாங்க வசதி இல்லாதவர் தண்ணீரின் மேல்பரப்பில் காற்று படும்படி சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே போகும், உப்பு அங்கேயே நிற்கும். குறைந்த அளவுக்குத் தினமும் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்ட் போகும் நாளுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வேண்டும். ஏற்காட்டில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி உங்களிடம் வருகிறவருக்கு இதில் பாதி பொருந்தாது. மார்கழி இரவுகளில் அவருக்குத் தேவைப்படுவது ஹீட்டர். ஆகவே வீடு எங்கே என்றும் கேளுங்கள்.

கடைசியாக, கல் பவளம். 2001-லிருந்து கல் பவளம், கடல் விசிறி, கரும் பவளம் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் அதே அட்டவணைதான். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி இருக்கும் பவளத்தை ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தார்கள். 1986-ல் அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகும் வெட்டு உடனே நிற்கவில்லை. இன்றும் அங்கே கடல் சூடேறும் வருடங்களில் மிச்சமிருப்பது வெளுக்கிறது. அந்தப் பவளத்தில் ஒரு கிளைகூட நம் ஊர்க் கடைக்கு வரக் கூடாது. அழகுக்கு வைக்கும் காய்ந்த வெள்ளைக் கிளையும் இதில் சேர்த்தி. எங்கிருந்து வந்தது என்று சப்ளையர் பில்லில் காட்டாத சரக்கைத் திருப்பி அனுப்புங்கள்.

காத்திருக்கச் சொன்னால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார் என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. அதனால்தான் ஒரு கடைக்கு எழுதாமல் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். எல்லாக் கடையிலும் அதே பதில் கிடைத்தால் அவர் எங்கே போவார்? உங்கள் கடைக்குத் தண்ணீர் கொண்டு வருகிறவர்களுக்கு உப்பும் காரத்தன்மையும் இலவசமாகப் பார்த்துச் சொல்ல ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வந்து உட்காரத் தயார். டெஸ்ட் கிட் என்னுடையது. எந்த நேரம் தோதுப்படும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்