ஏதென்ஸுக்கு அழைத்துப்போகும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பியச் சுற்றுலாவில் ஏதென்ஸையும் சேர்த்து நம் ஆட்களை அழைத்துப்போகும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலருடைய பயணத் திட்டங்களை வாங்கிப் படித்திருக்கிறேன், ஒரு குழுவோடு போயும் வந்திருக்கிறேன். புறப்படும் ஊர் சென்னையோ கோவையோ சிங்கப்பூரோ, ஏதென்ஸ் பக்கம் வந்துவிட்டால் எல்லாத் திட்டமும் ஒரே அச்சுதான். மேலே பெரிய எழுத்தில் 'மக்களாட்சி பிறந்த மண்'. கீழே படித்துப் பார்த்தால் காலையில் அக்ரோபோலிஸ் குன்று, அப்புறம் சிந்தக்மா சதுக்கத்தில் பாவாடை கட்டிய காவலர்கள் மாறும் காட்சி, இந்திய உணவகத்தில் மதியச் சாப்பாடு, பிளாக்காவில் கடைவீதி, மறுநாள் சான்டோரினிக்குக் கப்பல். மக்கள் கூடி முடிவெடுத்த இடம் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை.

அக்ரோபோலிஸ் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஏதென்ஸ் வரை போய், அதன் உச்சியில் நிற்கும் பார்த்தனானைப் பார்க்காமல் யாரும் திரும்ப வேண்டாம். ஆனால் அது கோயில். கி.மு. 447-இல் தொடங்கிக் கி.மு. 432 வரை கட்டினார்கள். பாரசீகத்தை எதிர்க்கத் தீவுகளும் கரையோர நகரங்களும் சேர்ந்து போட்ட பொதுப் பணம் டெலோஸ் தீவில் இருந்தது. அதைக் கி.மு. 454-இல் ஏதென்ஸுக்கே மாற்றிக்கொண்டார்கள், அதிலும் ஒரு பங்கு இந்தக் கட்டடத்துக்குப் போனது. கூட்டாளிகளாக இருந்தவர்கள் கப்பம் கட்டுகிறவர்கள் ஆனார்கள். அந்த மகிமையின் அடியில் நின்றுகொண்டு "இதுதான் மக்களாட்சி" என்று படம் எடுக்கச் சொல்வது கொஞ்சம் உறுத்துகிறது. அதைக் கட்டலாமா வேண்டாமா என்று கைதூக்கி முடிவு செய்த இடம் மேற்கே, நடக்கிற தூரத்தில் இருக்கிறது. பினிக்ஸ் குன்று என்று பெயர். நுழைவுக் கட்டணம்கூட இல்லை.

நான் கேட்பது இதுதான். ஏதென்ஸுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு முழுப் பகலைப் பினிக்ஸ், பழைய சந்தைவெளியான அகோரா, கெரமெய்க்கோஸ் ஆகிய மூன்றுக்கும் கொடுங்கள். அங்கே வழிகாட்டி சொல்ல வேண்டியது யார் பெரிய தலைவர் என்பதை அல்ல, அந்த மக்களாட்சி ஏற்பாடு எப்படி ஓடியது என்பதை.

இதை வழிகாட்டிகளிடம் கேட்காமல் உங்களிடம் கேட்கக் காரணம் இருக்கிறது. கிரீஸில் தொல்லியல் இடங்களில் உரிமம் பெற்ற வழிகாட்டிகள்தான் விளக்கம் சொல்லலாம். உங்களோடு வரும் டூர் மேனேஜர் அங்கே வாய் திறக்கக் கூடாது. அந்த வழிகாட்டிகள் முறையாகப் படித்துத் தேறியவர்கள், கேட்டால் கொட்டுவார்கள். ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் மேலே ஏறி இறங்கி, படம் எடுத்துக் கழிப்பறையும் காட்டி முடிக்க வேண்டும் என்று முன்பதிவிலேயே எழுதிக் கொடுப்பது நீங்கள்தான்.

சரி, பினிக்ஸிலிருந்து தொடங்குவோம். வெயில் ஏறுமுன் அங்கே போய்விட வேண்டும். நிழல் குறைவு. முதல் பார்வைக்கு ஒன்றுமே இல்லை: ஒரு பெரிய வெளி, அதன் ஓரத்தில் பாறையைச் செதுக்கிய மேடை, கீழ்ப்பக்கம் மண் சரியாமல் தாங்கும் பிரம்மாண்டமான கற்சுவர். தூண் இல்லை, சிலை இல்லை. குழுவில் யாராவது "இதுக்கா வந்தோம்?" என்பார்கள். வழிகாட்டி தன் சம்பளத்தைச் சம்பாதிக்க வேண்டிய இடம் அதுதான். கி.மு. நான்காம் நூற்றாண்டில் வருஷத்துக்கு 40 தடவை குடிமக்கள் இங்கே கூடினார்கள். சில முடிவுகளுக்கு 6,000 பேர் வந்திருந்தால்தான் செல்லும். அறிவிப்பாளர் எழுந்து "யார் பேச விரும்புகிறார்?" என்று கேட்பார். செருப்புத் தைப்பவரும் எழலாம், பெரிய நிலக்காரரும் எழலாம். கடைத்தெருவில் வம்பளந்துகொண்டு நிற்பவர்களைச் சிவப்புச் சாயம் தோய்த்த கயிற்றால் வளைத்துக் கூட்டத்துக்கு ஓட்டிவந்ததை அரிஸ்டோஃபனீஸ் தன் நாடகத்தில் கிண்டல் செய்கிறார். அதாவது மக்கள் அப்போதும் கூட்டத்துக்கு ஓடோடி வந்துவிடவில்லை! கி.மு. 404-இல் ஸ்பார்ட்டாவிடம் தோற்று நொந்த பிறகு, வருகிறவர்களுக்குப் படிக்காசு கொடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் ஓபோல் என்ற சிறு காசு ஒன்று, பிறகு மூன்று. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஏழை எப்படி வருவான் என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட பதில் அது.

இங்கே ஒரு எச்சரிக்கை. "பெரிக்ளிஸ் இந்தக் கல்லில் நின்றுதான் பேசினார்" என்று சொல்லும் வழிகாட்டி கிடைத்தால் அடுத்த தடவை வேறு ஆளைப் பாருங்கள். இப்போது தெரியும் மேடை கி.மு. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குன்றைத் திருத்தி அமைத்தபோது வந்தது. ஏதென்ஸின் பெரிய தலைவரான பெரிக்ளிஸ் இறந்தது கி.மு. 429-இல். அவர் காலத்தில் கூட்டம் உட்கார்ந்த திசையே வேறு. இதைச் சொன்னால் இடத்தின் பெருமை குறையாது, கேட்பவர்களின் ஆர்வம்தான் கூடும்.

போகிற வழியில் அரியோபாகஸ் பாறை. நம் ஊர்த் திருச்சபைக் குழுக்கள் இதை மட்டும் விடுவதில்லை, தமிழ் வேதாகமத்தில் பவுல் நின்று பேசும் 'மார்ஸ் மேடை' இதுதான். அங்கேயே இன்னும் இரண்டு நிமிடம் நின்று, இதே பெயர் கொண்ட பிரபுக்கள் சபையின் அதிகாரத்தைக் கி.மு. 462 வாக்கில் எஃபியால்டிஸ் என்பவர் பிடுங்கி மக்கள் சபைக்கும் நீதிமன்றங்களுக்கும் கொடுத்தார், சீக்கிரமே கொலையும் செய்யப்பட்டார் என்று சொல்லச் சொல்லுங்கள். பாறை வழுக்கும், பெரியவர்கள் இரும்புப் படி வழியாக ஏறட்டும்.

அகோராவுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் வேண்டும். இப்போது நீங்கள் கொடுப்பது, கொடுத்தால், ஹெஃபாயிஸ்டஸ் கோயிலுக்கு முன்னால் ஒரு குழுப்படம். அந்தக் கோயிலுக்குக் கீழே வட்டமாக ஒரு அடித்தளம் கிடக்கும், பலர் மிதித்துக்கூடக் கடப்பார்கள். தோலோஸ் என்று பெயர். கி.மு. 508-இல் கிளைஸ்தெனிஸ் என்ற தலைவர் குடிமக்களைப் பத்துக் குலங்களாகப் பிரித்தார். பழைய ரத்த உறவுப்படி அல்ல, கடற்கரை, உள்நாடு, நகரம் மூன்றிலிருந்தும் ஆட்களைக் கலந்து. பரம்பரைச் செல்வாக்குக்காரர்களின் பிடி தளர்ந்தது அதனால்தான். குலத்துக்கு 50 பேர், ஆக 500 பேர் கொண்ட ஆலோசனை சபை. ஒவ்வொரு குலத்தின் 50 பேரும் முறைவைத்து வருஷத்தில் பத்தில் ஒரு பங்கு நாள் நிர்வாகம் பார்த்தார்கள். அவர்கள் சாப்பிட்டது இந்த வட்டக் கட்டடத்தில். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இரவும் பகலும் அங்கேயே இருப்பார்கள், அவசரச் செய்தி வந்தால் யாராவது விழித்திருக்க வேண்டுமே. தினமும் ஒருவரைச் சீட்டுப் போட்டுத் தலைவராக்குவார்கள். கருவூலச் சாவியும் அரசு முத்திரையும் ஒரு இரவு, ஒரு பகல் அவர் கையில். வாழ்நாளில் ஒரே தடவைதான் அந்தப் பதவி.

அப்படி முறைவைத்து வந்த 50 பேரில் ஒருவராகக் கி.மு. 406-இல் சாக்ரடீஸ் இருந்தார். ஆர்கினுசாய் கடற்போரில் வென்றும், புயலில் மூழ்கிக்கொண்டிருந்த வீரர்களை மீட்கவில்லை என்று தளபதிகள் மேல் மக்களுக்கு ஆத்திரம். எல்லோரையும் மொத்தமாக ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்க வேண்டும் என்று கூட்டம் கத்தியது. அது சட்டத்துக்கு விரோதம் என்று சாக்ரடீஸ் மறுத்தார். பலனில்லை, ஆறு பேரைக் கொன்றார்கள். பிறகு வருத்தப்பட்டார்கள். ஏழு வருஷம் கழித்து அதே ஊர் சாக்ரடீஸையே விஷம் குடிக்க வைத்தது. உங்கள் குழுவில் எல்லோருக்கும் இந்த இரண்டாவது கதை தெரியும். முதல் கதையைச் சொன்னால்தான் இரண்டாவது புரியும்.

அகோரா அருங்காட்சியகம் அட்டாலோஸ் மண்டபத்தில் இருக்கிறது. 1950-களில் பழையபடியே திரும்பக் கட்டிய மண்டபம், நல்ல நிழல், வயதானவர்களுக்கு உட்கார இடம். ஆனால் நிழலுக்காக மட்டும் அங்கே ஒதுங்காதீர்கள். நாள் முழுக்கப் பார்ப்பதில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் அதற்குள்தான் இருக்கிறது. வரிசை வரிசையாக மெல்லிய பிளவுகள் வெட்டிய ஒரு உடைந்த பளிங்குப் பலகை, கிளெரோட்டேரியன் என்று பெயர். நீதிமன்றத்தில் நடுவராக உட்கார விரும்புகிறவர் தன் பெயர் பொறித்த சீட்டை அந்தப் பிளவு ஒன்றில் செருகுவார். பக்கத்தில் ஒரு குழாய், அதற்குள் கறுப்பும் வெள்ளையுமாகச் சிறு உருண்டைகள். வரிசைக்கு ஒன்றாக உருண்டை விழும். வெள்ளை விழுந்தால் அந்த வரிசையில் இருக்கும் எல்லோரும் அன்றைய நடுவர்கள், கறுப்பு விழுந்தால் வீட்டுக்குப் போகலாம். காலையில்தான் தேர்வு, வழக்கு அன்றைக்கே. நடுவர்கள் 201 பேர், 401 பேர், 501 பேர் என்று இருப்பார்கள். யாருக்கு லஞ்சம் கொடுப்பது என்று தெரிந்தால்தானே கொடுக்க? இதன் விவரமெல்லாம் எகிப்தில் கிடைத்து 1891-இல் அச்சான ஒரு பாப்பிரஸ் சுருளில்தான் தெரிய வந்தது.

பக்கத்துப் பெட்டிகளையும் விடாதீர்கள். நடுவர்கள் போட்ட வெண்கல வாக்கு வில்லைகள். ஒன்றின் நடு அச்சு துளை உள்ளது, இன்னொன்று துளை இல்லாதது. இரண்டு விரலால் அச்சின் முனைகளைப் பொத்திக்கொண்டு போட்டால் எது எதுவென்று அடுத்தவருக்குத் தெரியாது. ரகசிய வாக்கு. சுமார் 6.4 லிட்டர் பிடிக்கும் ஒரு மண் நீர்க்கடிகாரம், ஏறத்தாழ ஆறு நிமிடத்தில் தண்ணீர் வடிந்துவிடும், எவ்வளவு பெரிய பேச்சாளரானாலும் அத்தோடு நிறுத்த வேண்டியதுதான். நம் மேடைகளுக்கு இதை இறக்குமதி செய்யலாமா என்று குழுவில் யாராவது கேட்பார்கள், கேட்கட்டும்.

உத்திரமேரூரையும் யாராவது சொல்வார். அதையும் தடுக்க வேண்டாம். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச் சொன்னார்கள், கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை என்று எழுதிவைத்தார்கள். ஏதென்ஸிலும் பதவி முடிந்தால் கணக்கு ஒப்படைத்தே ஆக வேண்டும். ஆனால் "நாம்தான் முதல்" என்று சண்டை வேண்டாம், கிளைஸ்தெனிஸ் 1,400 வருஷம் முந்தியவர். ஒன்றிலிருந்து ஒன்று வந்ததற்கும் சான்று இல்லை. உத்திரமேரூரில் பெயர் எழுதக் கால் வேலி அளவுக்கு மேல் வரி கட்டும் நிலமும் வேத அறிவும் வேண்டும், அது ஒரு பிராமணச் சபை. அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுப் பெருமை மட்டும் பேசுவது நமக்குப் பழகிவிட்டது.

ஏதென்ஸிலும் அந்தப் பக்கம் பெரிது. பெண்களுக்கு வாக்கு இல்லை. அடிமைகளுக்கு இல்லை. தலைமுறை தலைமுறையாக அங்கேயே தொழில் செய்த வெளியூர்க்காரர்களுக்கு இல்லை. கி.மு. 451-இல் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டப்படி அப்பா அம்மா இருவருமே ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் குடியுரிமை. ஊருக்குள் ஒழுங்கு காத்த வில்லாளிகள்கூட ஸ்கித்திய அடிமைகள்தான். இதை விளக்க நீங்கள் புதிதாக எங்கும் போக வேண்டியதில்லை. சூரிய அஸ்தமனம் பார்க்க எல்லோரையும் சூனியன் முனைக்குக் கூட்டிப்போகிறீர்களே, அதற்குப் பக்கத்திலேயே லவ்ரியோன் வெள்ளிச் சுரங்கங்கள். அடிமைகள் குனிந்தும் தவழ்ந்தும் வெட்டிய வெள்ளி அது. கி.மு. 483 வாக்கில் அங்கே பெரிய வெள்ளிப் படிவம் கிடைத்தபோது, ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சை மறித்துத் தெமிஸ்டோக்ளிஸ் என்ற தலைவர் போர்க்கப்பல் கட்டச் சொன்னார். மூன்று வருஷத்தில் சலாமிஸ் கடற்போரில் பாரசீகர்மேல் வெற்றி. அந்தக் கப்பல்களில் பெருமளவில் துடுப்புப் போட்டவர்கள் நிலமில்லாத ஏழைக் குடிமக்கள். ஊரைக் காப்பாற்றியவர்களின் வாயை அதன் பிறகு அடைக்க முடியுமா? ஏழைக்குக் குரல் கிடைத்த கதையும் அடிமையின் முதுகு வளைந்த கதையும் ஒரே சுரங்கத்திலிருந்து வருகின்றன. பஸ்ஸில் திரும்பும்போது சொல்ல இதைவிட நல்ல விஷயம் இருக்கிறதா?

கெரமெய்க்கோஸைச் சாயங்காலத்தை ஒட்டி வைத்துக்கொள்ளலாம், ஆனால் மூடும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் குறைவான பழைய இடுகாடு. பானை ஓட்டில் பெயர் எழுதி ஒருவரைப் பத்து வருஷம் ஊரைவிட்டு அனுப்பும் வாக்கெடுப்பு உண்டல்லவா, அதில் பயன்பட்ட ஆயிரக்கணக்கான ஓடுகள் இங்கே கிடைத்திருக்கின்றன. "மில்டியாடிஸ் மகன் கிமோனே, சகோதரி எல்பினிகேயையும் கூட்டிக்கொண்டு போ" என்கிற தொனியில் ஒருவர் கிறுக்கியிருக்கிறார். வசவு புதிதல்ல. வாக்கு மோசடியும் புதிதல்ல: அக்ரோபோலிஸின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றுக்குள் தெமிஸ்டோக்ளிஸ் பெயர் எழுதிய சுமார் 190 ஓடுகள் கிடைத்தன, எழுத்தைப் பார்த்தால் 14 பேர் கையெழுத்துதான். யாரோ முன்கூட்டியே எழுதி வைத்து விநியோகிக்கப் பார்த்திருக்கிறார்கள். தேர்தலன்று காலையில் வாசலுக்கு வரும் கட்சிக்காரரைப் பார்த்து வளர்ந்த நம் ஆட்களுக்கு இந்த ஓடுகளை விளக்கவே வேண்டாம்.

நடைமுறைக்கு வருகிறேன். முன்பதிவின்போதே வழிகாட்டிக்கு எழுத்தில் சொல்லுங்கள்: அரைநாள் அல்ல, முழுநாள். மதியச் சாப்பாட்டைத் தீசியோ பக்கம் வைத்துக்கொண்டால் அகோராவிலிருந்து நடந்தே போய்விடலாம், பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். முடியாதவர்கள் அருங்காட்சியகத்தில் மட்டும் சேர்ந்துகொள்ளட்டும். ஜூலை, ஆகஸ்டில் இந்த நடை வேண்டாம். வெயில் உச்சத்தில் அக்ரோபோலிஸையே மதியத்தில் மூடுகிறார்கள். செலவு கூடும் என்பீர்கள். கூட்டுங்கள், விலைப்பட்டியலில் காரணத்தையும் எழுதுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் பிளாக்கா கடைவீதியை எடுத்துவிடுங்கள். இதில் எதுவுமே முடியாது என்றால், அடுத்த அச்சில் அந்த 'மக்களாட்சி பிறந்த மண்' என்ற வரியையாவது எடுத்துவிட்டு 'அக்ரோபோலிஸ், கடைவீதி' என்று உள்ளதை உள்ளபடி போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குழுக்களில் ஒன்றில் வந்துபோன ஒரு பயணி