சனிக்கிழமை திருகோணமலையில் ஊர் சுற்றல்: பெயர் தாருங்கள்

வணக்கம். வெளியூரிலிருந்து வரும் நம் வகுப்புக்காரர் எங்கே போகலாம் என்று கேட்டபடியே இருப்பதால், வரும் சனிக்கிழமை இப்படி:

1. காலை 6 மணி, கன்னியா. ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் வாளியால் அள்ளிக் குளிக்கலாம், பிந்தினால் கூட்டம். துவாய், மாற்றுத் துணி அவசியம்.
2. 8.30: டவுனில் இடியப்பம், சொதி, சம்பல்.
3. 10 மணி: நிலாவெளியிலிருந்து படகில் புறாத்தீவு. 2003இல் தேசியப் பூங்காவான இடம், நுழைவுக் கட்டணம் தனி. பவளப்பாறையை மிதிக்கவே கூடாது, பொலித்தீனும் வேண்டாம், நீந்தத் தெரியாதவர் முன்பே சொல்லிவிடுங்கள்.
4. பின்னேரம் 4.30: கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயில். மான்களுக்கு பிஸ்கட் நீட்டாதீர்கள். அப்புறம் டச்சு வளைகுடாக் கடற்கரையில் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட், நமக்குக் கச்சான் (எனக்கு இதுதான் முக்கியம்).

வியாழன் இரவுக்குள் பெரியவர் எத்தனை, பிள்ளைகள் எத்தனை என்று இங்கேயே எழுதுங்கள். வெறும் கட்டைவிரல் போட்டால் வான் வண்டியில் இடம் இல்லை.