கேஸ் தீராது, ஒழுகும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓசோன் தினத்தையொட்டி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஃபிரிட்ஜ் கேஸ் போன்றவை ஓசோனை அழிக்கும் என்று 1974இல் மோலினா, ரோலண்ட் என்ற விஞ்ஞானிகள் எச்சரித்தது, 1985இல் அண்டார்டிகா வானில் ஓசோன் படலத்தில் ஓட்டை தெரியவந்தது, அந்த கேஸ்களைக் கட்டுப்படுத்த 1987இல் கனடாவின் மாண்ட்ரியலில் ஒப்பந்தம் கையெழுத்தானது எல்லாம் சரியாகவே இருந்தன. ஸ்பானர் பிடித்தவனைப் பற்றித்தான் ஒரு வரிகூட இல்லை. 38 ஆண்டுகள் ஃபிரிட்ஜ், ஏசி மெக்கானிக்காக இருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

நான் தொழில் பழகியபோது ஃபிரிட்ஜைக் குளிரவைத்தது குளோரின் கலந்த ஆர்-12 என்ற கேஸ்தான். கம்ப்ரஸரை மாற்ற வேண்டுமென்றால் முதல் வேலை பைப்பை நறுக்குவது. ‘உஸ்’ என்று சீறும். பைப் நுனியில் வெள்ளையாகப் பனி கட்டும், எண்ணெய் கையில் தெறிக்கும், ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் பிடிபடாது. அதிலிருந்து பிரியும் ஒரே ஒரு குளோரின் அணு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளைக்கூடச் சிதைக்கும் என்று அன்றைக்கு எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேஸை வேறு எங்கே விடுவது?

ஆர்-12 போய்விட்டது. இப்படியே போனால் அண்டார்டிகாவின் மேலேயும் 2066 வாக்கில் ஓசோன் 1980 நிலைக்குத் திரும்பிவிடும் என்கிறார்கள். அப்போது நான் இருக்க மாட்டேன், இருந்தாலும் சந்தோஷம். ஆனால் மாற்றாக வந்த கேஸ்களில் பல, ஓசோனைத் தொடாமல் பூமியைச் சூடாக்குகின்றன. ஏராளமான வீட்டு ஏசிகளில் இருக்கும் ஆர்-410ஏ ஒரு கிலோ காற்றில் கலந்தால், இரண்டு டன் கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். சுமார் 900 லிட்டர் பெட்ரோலை எரித்த கணக்கு. இவற்றையும் படிப்படியாகக் குறைக்க 2016இல் ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன.

சரி, வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது? “கேஸ் தீர்ந்துபோச்சு, ஏத்தணும்” என்று மெக்கானிக் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். பெட்ரோல் மாதிரி அது செலவாவதில்லை. மூடிய பைப்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். “எங்கே லீக்?” என்று கேளுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் பைப்புகளை இணைக்கும் ஃப்ளேர் நட்டில்தான் இருக்கும். சோப்பு நுரையைத் தடவிவிட்டுப் பொறுமையாகப் பார்த்தால் கடுகளவு குமிழி ஒன்று மெதுவாக உப்பி வரும். அதை அடைக்காமல் ஏற்றும் கேஸ் மறுபடியும் வானத்துக்குத்தான்.

அப்புறம், சட்டம் போடுகிறவர்களுக்கு. பழைய கேஸை உறிஞ்சி சிலிண்டரில் சேர்க்க ரிகவரி மெஷின் இருக்கிறது. தனியாளாக அலையும் மெக்கானிக்கால் அதை வாங்கிக் கட்டுப்படியாகாது. வாங்கினாலும் கூடுதலாகப் பிடிக்கும் நேரத்துக்கு எந்த வாடிக்கையாளரும் கூலி தரமாட்டார். கேஸை விற்கும்போதே ஒரு சிறு தொகையைப் பிடித்துவைத்து, திருப்பிக் கொண்டுவருபவருக்குக் கிலோ கணக்கில் கொடுங்கள். எங்கள் ஆட்கள் பைப்பை நறுக்க மாட்டார்கள். வெறும் தடை போட்டால் கதவைச் சாத்திக்கொண்டு நறுக்குவார்கள், அவ்வளவுதான்.

கடைசி சில வருடங்களில் நண்பர் ஒருவரிடம் மெஷினை இரவல் வாங்கிக் கொஞ்சம் கேஸ் சேர்த்தேன். இரண்டு சிலிண்டர்கள் மாடிப்படிக்கு அடியில் கிடக்கின்றன. எங்கே கொடுப்பது என்று பலரிடம் விசாரித்துவிட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. யாராவது இடம் சொன்னால் நாளைக்கே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஏசி மெக்கானிக் ஒருவர்