கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

புதிய மருந்துச் சோதனையில் சேர ஒப்புதல் படிவம் நீட்டினால், அங்கேயே கையெழுத்திட வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கலாம். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டலாம்.

முதலில் அந்தச் சோதனையின் சிடிஆர்ஐ (இந்தியாவின் மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள். 2009 முதல் இப்பதிவு இந்தியாவில் கட்டாயம். இணையத்தில் தேடினால் எந்தக் கட்டம், எத்தனை பேர், புது மருந்து பெறாத ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன தருகிறார்கள் என்பதெல்லாம் தெரியும். முதல் கட்டத்தில் பெரும்பாலும் மருந்தின் பாதுகாப்பையும் அளவையும்தான் பார்க்கிறார்கள்; குணமாகும் என்று நம்பிச் சேரக் கூடாது. மூன்றாம் கட்டத்திலும் புது மருந்துதான் உங்களுக்கு வரும் என்ற உறுதி கிடையாது. குலுக்கல் முறையில் பிரிப்பதால் வழக்கமான சிகிச்சையோ, மருந்தே இல்லாத போலி மாத்திரையோ வரலாம். இதைப் புரியவைக்காமல் வாங்கும் கையெழுத்து ஒப்புதலே ஆகாது.

ஏற்கெனவே சாப்பிடும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு நாட்டு மருந்தையும் சொல்லிவிடுங்கள். மறைத்தால், பக்கவிளைவு எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது.

சோதனையால் பாதிப்பு நேர்ந்தால் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் குறித்த 2019 விதிகளின்படி இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நாமினி பெயரும், சோதனைக்கு அனுமதி தந்து கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண்ணும் அதில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வுக் குழுவைச் சாராத சாட்சி உடனிருக்க வேண்டும்.

எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆனால் மருந்தைத் தானாக நிறுத்தாமல் ஆய்வு மருத்துவரிடம் சொல்லுங்கள். சில மருந்துகளைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பாளர்கள் சிலர்,
மதுரை