பெயர் சொல்லாமல் போன பெரியவருக்கு

ஒன்டாரியோவில் பழைய ராணுவ உதிரிபாகக் கிடங்கில் எனக்கு உதவிய பெரியவருக்கு நன்றி. கனடா ராணுவம் 1950களில் ஓட்டிய ஜிஎம்சி எம்135 லாரி என்னுடையது. அதன் ஹைட்ராமேட்டிக் தானியங்கி கியர் பாக்ஸை இருமுறை பிரித்துப் பூட்டியும் உள்ளே கிளட்ச் நழுவிக்கொண்டே இருந்தது. கிளட்ச் தட்டுகள்மீதுதான் எனக்குச் சந்தேகம். அந்தத் தட்டுகளை எண்ணெய் அழுத்தத்தால் நெருக்கிப் பிடிக்கும் பிஸ்டனை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்திருந்தேன். நீங்கள் அதைத் திருப்பிப் பார்த்து, கசிவைத் தடுக்கும் ரப்பர் சீலின் விளிம்பு மடிந்திருப்பதை நகத்தால் காட்டினீர்கள். எண்ணெய் கசிந்து அழுத்தம் நிற்காவிட்டால் புதுத் தட்டு என்ன செய்யும், பாவம்!

மெல்லிய கம்பியால் சீலின் விளிம்பை வருடி உள்ளே இறக்குவது, வாஷர்கள் விழாதிருக்க வாசலீன் தடவுவது, மூடுவதற்கு முன் எண்ணெய்த் துளையில் காற்றடித்து 'டொக்' என்று பிஸ்டன் நகரும் சத்தத்தைக் கேட்பது... இவ்வளவு பொறுமையாக எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. (என் பெட்டிக் குவியலைப் பார்த்துச் சிரித்ததை மன்னித்துவிட்டேன்.)

பெயர் கேட்பதற்குள் போய்விட்டீர்கள். நேற்று கியர்கள் எல்லாம் ஒழுங்காக மாறின. நீங்கள் இரவல் தந்த கம்பியைக் கிடங்கின் முன்மேசையில் கொடுத்து வைத்திருக்கிறேன்.